தண்ணீருக்குக் கழித்தது போக

பிப்ரவரி 3

இன்றும் உரசியது.

பெரியகானலிலிருந்து திரும்பி வருகிற ஏற்றம். உட்கார்ந்து மிதிக்கிறவரை ஒன்றுமில்லை. ஏற்றம் கடுத்து, எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரத்திலிருந்து சர்... சர்... மிதிக்கு ஒரு சர். என் கனத்துக்குச் சக்கரம் பக்கவாட்டில் நெளிந்து பிரேக் கட்டையில் போய் ஒட்டுகிறது. மேலே போகத்தான் மிதிக்கிறேன். மிதிக்க மிதிக்க எனக்கு நானே பிரேக் போட்டுக்கொள்கிறேன். நாலாவது வளைவில் இறங்கித் தள்ளினேன். சுற்றுலா ஜீப்பில் போன ஒரு பிள்ளை கையாட்டியது. நானும் ஆட்டினேன், வேறென்ன செய்ய.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. ரிசார்ட்டில் வெள்ளைக்காரர்களுக்காக வைத்திருந்த ரேஸ் சைக்கிள். இரும்புச் சட்டம், வளைந்த ஹேண்டில்பார். சக்கரத்தில் இருபதே கம்பி. அதன் மேல் நூற்றுப் பதினாறு கிலோ ஏறி உட்கார்ந்தால் அதுதான் என்ன செய்யும்?

நூற்றுப் பதினாறு, இன்று காலை பேக்டரியில் பார்த்தது. தேயிலை மூட்டை நிறுக்கிற பிளாட்பாரத் தராசு அங்கேதான் இருக்கிறது. எஸ்டேட் மஸ்டர் கொட்டகையில் நான் தேயிலைக் கொழுந்து நிறுக்கிறது தொங்கு தராசு. அதில் நான் தொங்க முடியாது. நூற்றைம்பது பெண்களின் கொழுந்தை நாள்தோறும் நிறுத்து எழுதுகிறவன், தன்னை நிறுக்க இன்னொருவனுடைய தராசைத் தேடிப் போகிறேன்.

தொண்ணூறுக்குக் கீழே வரவேண்டும். வராமல் என் சிறுநீரகத்தை எடுத்துத் தங்கை புஷ்பத்துக்கு வைக்கமாட்டார்கள். டாக்டர் சிரித்த முகமாகத்தான் சொன்னார். முழங்கால் வலிக்கு நடை ஆகாது, சைக்கிள் மிதியுங்கள் என்றதும் அவர்தான்.

இருபத்தாறு கிலோ. புஷ்பத்தின் உடம்பில் பாதிக்கு மேல்.

பிப்ரவரி 9

கோயம்புத்தூரிலிருந்து சைக்கிளிலேயே வந்த ஒருவர் டீக்கடையில் நின்றிருந்தார். என் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, ஒரு நம்பர் கொடுத்தார். வேலந்தாவளத்தில் சக்கரம் கோக்கிற பிச்சைமணி. மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் கடை. அவர் கம்பி கோத்தால் வருஷக்கணக்கில் கோட்டம் விழாதாம்.

போன் போட்டேன். வண்டி என்ன, எந்த ரோடு, எவ்வளவு ஏற்றம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், “ஏனுங்க, உங்க எடை எவ்வளவுங்க? கூச்சப்படாமச் சொல்லுங்க. அத வெச்சுத்தானுங்க கம்பி எத்தனைன்னு நான் முடிவு பண்ணோணும்” என்றார்.

“தொண்ணூத்தாறு.”

வாயில் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது?

எனக்குத் தெரியும். பனியிலும் மழையிலும் நனைந்த கொழுந்துக்குத் தண்ணீருக்கென்று கழித்துத்தான் எழுதவேண்டும். தராசு இருபத்துமூன்று காட்டும். என் கை இருபது என்று எழுதும். சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு இரண்டு. பதினேழு வருஷமாக ஒரு எடையையும் தராசு காட்டியபடி நான் எழுதியதில்லை. அதே பழக்கத்தில் என்னையும் கழித்துவிட்டேன். எப்படியும் போகப்போகிற இருபது கிலோதானே, அதற்கு எதற்குத் தனியாகக் கம்பி என்று ஒரு நியாயமும் உடனே வந்து பக்கத்தில் நின்றுகொண்டது.

“தடிச்ச ரிம்மாப் போட்டு, இருவத்திநாலு கம்பியில கோத்துத் தாரனுங்க. தொண்ணூத்தாறுக்கு அது கல்லாட்ட நிக்குமுங்க” என்றார்.

திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லலாம். நாளைக்குச் சொல்கிறேன்.

பிப்ரவரி 10

சொல்லவில்லை.

பிப்ரவரி 16

பஸ் பிடித்து சக்குபள்ளம் போய் வந்தேன். புஷ்பம் லயத்துக்கு முன்னால் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஜோஸ் ஏலக்காய் ஸ்டோரில் வேலைக்குப் போயிருந்தான். அவன் ரத்தம் அவளுக்குச் சேரவில்லை. எங்கள் அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சேர்ந்தது என் ரத்தம் ஒன்றுதான்.

“எத்தன கொறஞ்சண்ணே?”

“ரெண்டு.”

“ரெண்டு வாரத்துலயா? நான் ஒரே நாள்ல மூணு கொறைவேன். மிசின்ல போட்டு நாலு மணி நேரத்துல உறிஞ்சி எடுத்துருவாக. வர்றியா, ஒன்னையும் படுக்கப் போடச் சொல்றேன்?”

டயாலிசிஸ் மிஷினில் படுக்கிறதற்கு முன் ஒரு எடை, எழுந்த பின் ஒரு எடை. வாரத்துக்கு மூன்று தடவை. அவளுடைய நிஜ எடை முப்பத்தொன்பது என்று ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே தராசு காட்டுவதெல்லாம் உடம்பில் தங்கிப்போன தண்ணீர். சிறுநீரகம் வெளியே தள்ளாத தண்ணீர்.

“அவுகளும் ஒன்ன மாதிரிதாண்ணே. தண்ணிக்குக் கழிச்சுட்டுத்தான் எழுதுறாக” என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவளுக்கு, காப்பியும் மாத்திரைத் தண்ணீரும் சேர்த்து. நான் கிளம்பும்போது டம்ளரின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 27

என் மனைவி கத்தரீனாள் எனக்கு இரண்டு கரண்டிச் சோறுதான் வைக்கிறாள். மீதியை எங்கே ஒளிக்கிறாள் என்று தெரியவில்லை. பானையைத் திறந்து பார்த்தால் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. சமையல் முடிந்ததும் பக்கத்து லயத்துக்குக் கொடுத்துவிடுகிறாளோ என்னவோ.

அவளுக்குப் பயம். வெளியே சொல்லமாட்டாள். இன்றைக்குச் சொல்லிவிட்டாள். “ரெண்டுல ஒண்ணக் குடுத்துட்டு, மிச்சம் ஒண்ணுக்கு ஏதாச்சும் வந்தா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?” பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு முருங்கைக்கீரையை உருவப் போய்விட்டாள். கையெழுத்துக் கேட்டபோது ஆஸ்பத்திரியில் முதல் ஆளாகப் போட்டவளும் அவள்தான்.

மார்ச் 2

சக்கரம் வந்தது. உடுமலை வழியாக வரும் பஸ்ஸில் போட்டுவிட்டிருந்தார். மூணாறில் போய் எடுத்துவந்தேன். அழகான சக்கரம். ஒவ்வொரு கம்பியையும் விரலால் தட்டிப் பார்த்தேன், எல்லாம் ஒரே சத்தம். சுழற்றிவிட்டால் நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. மாட்டியதும் பெரியகானல் ஏற்றத்துக்குப் போனேன்.

பழையதைவிட மோசம். சர் இல்லை, கர். கட்டை ரிம்மை இறுக்கிப் பிடிக்கிற சத்தம். இரண்டாவது வளைவிலேயே இறங்கிவிட்டேன்.

ரோட்டோரத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்லது என்று எதைத் தொட்டாலும் அது இன்னும் கொஞ்சம் கெடுகிறது. எனக்கு மட்டும் ஏன்?

மார்ச் 4

பிச்சைமணியே கூப்பிட்டார். உரசுகிறது என்றேன்.

“அப்பிடி இருக்கக் கூடாதுங்களே. தட்டத்தோட ஒரு ஓரத்தை அமுத்துனா எதிர் ஓரம் மேல எந்திரிக்குமில்லீங்க? தடிச்ச ரிம்முக்குக் கம்பி பத்தலேன்னா அதே கதைதானுங்க. கீழ ரோட்டுல ஒரு பக்கம் சாஞ்சா, மேல பிரேக் கட்டைகிட்ட எதிர்ப் பக்கமாச் சாஞ்சு நிக்கும். மெலிசு ரிம்முன்னா கீழ மட்டும் நெளிஞ்சுட்டுப் போயிரும், மேல அவ்வளவாத் தெரியாது. ஆனா உங்க எடைக்கு இது சாயாதுங்க. சாயவே சாயாது.”

சரிதான். என் எடைக்கு இல்லை, நான் சொன்ன எடைக்கு.

அச்சு இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள் என்றார். பார்த்தேன். சட்டத்தில் எங்காவது வெடிப்பு? பார்த்தேன். சக்கரம் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா? ஸ்கேல் வைத்து அளந்தேன். பதில் தெரிந்த கணக்குக்கு இரண்டு மணி நேரம் விடை தேடுகிறவன் மாதிரி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன்.

“அப்ப எம்பட கைதான் எங்கியோ தப்புப் பண்ணிருக்குது. மன்னிச்சுக்கோங்க” என்றார்.

அப்போதும் வாய் திறக்கவில்லை. என்ன மனுஷன் நான்.

மார்ச் 20

111.

ஏப்ரல் 7

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பிரேக்கில் சின்னதாக ஒரு நெம்பு உண்டு, சக்கரம் கழற்றும்போது கட்டைகளை விரித்துக்கொள்ள. ஏற்றம் தொடங்கும் இடத்தில் அதைத் திறந்துவிடுகிறேன். சக்கரம் எவ்வளவு நெளிந்தாலும் கட்டை எட்டாது. மேலே போனதும் மூடவேண்டும். மூடாவிட்டால் பின் பிரேக் பிடிக்காது.

இன்றைக்கு எழுந்து நின்று மிதித்தேன், சத்தமே இல்லை. அந்த ஏற்றத்தை முதல் தடவையாக இறங்காமல் ஏறினேன்.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி. ஒருசந்தி. சாப்பிடாததற்கு இன்றைக்கு ஒருநாள் யாரும் காரணம் கேட்கவில்லை. சிலுவைப்பாதை முடிந்து முழங்காலிட்டவன் எழ முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பெஞ்சு முனகியது.

மே 11

இடது கைக்குத்தான் கட்டு, வலது கை தப்பித்தது. அதனால் எழுதுகிறேன்.

பூசை முடிந்து கிளம்பினேன். ஏற்றத்தில் நெம்பைத் திறந்தேன். உச்சியில் மஞ்சு இறங்கியிருந்தது, பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மூடப் போகிற நேரத்தில் போன். புஷ்பம். கையில் ஊசி குத்துகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம், கழுத்தில் குழாய் வைக்கப் போகிறார்களாம். “ஒண்ணுமில்லண்ணே, நீ பதறாத” என்றாள். அவள் குரல் பதறிக்கொண்டிருந்தது. போனை வைத்தேன், ஏறி உட்கார்ந்தேன், இறக்கத்தில் விட்டேன்.

முதல் வளைவில் பின் பிரேக்கைப் பிடித்தேன். பிடி ஹேண்டில்பாரில் வந்து முட்டியது, சக்கரம் நிற்கவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் நூற்றெட்டு கிலோவும் தலைக்கு மேலே போகும். ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் திருப்பிவிட்டேன். நான் நிறுக்கிற செடிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இடது முழங்கையில் ஒன்பது தையல். முழங்காலில் தோல் இல்லை.

கத்தரீனாள் அழவில்லை. சைக்கிளை விறகுக் கொட்டகையில் தள்ளிப் பூட்டிவிட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். “ஒங்க தங்கச்சிக்குக் கிட்னியக் குடுக்கப் போறீகளா, ஒங்களையே குடுக்கப் போறீகளா?”

மே 14

பிச்சைமணி கூப்பிட்டார். உரசல் எப்படி என்று கேட்கத்தான். விழுந்ததைச் சொன்னேன்.

“எம்பட சக்கரத்துனாலங்களா?”

அந்தக் குரலுக்கு அப்புறம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு நூற்றுப் பதினாறு என்று. கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரிக் கழித்தேன் என்று. புஷ்பத்தைப் பற்றியும் சொன்னேன், அவளுக்கு முப்பத்தொன்பதுதான் நிஜ எடை என்பதையும். அது எதற்கு அவருக்கு? இருந்தாலும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். பெருமூச்சுதான் கேட்டது. ரெண்டு மாசமாகத் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாராம். வேறு மூன்று பேருக்குக் கோத்த சக்கரங்களைக்கூடத் திரும்ப வாங்கிப் பிரித்துப் பார்த்தாராம்.

“எங்கூர்ச் சந்தையில மாட்டைக் கண்ணுல பாத்தே எடை சொல்லீருவாங்க. நானுஞ் சொல்லுவேன். போன்ல மனுசனத் தெரியறதில்லீங்களே” என்றார். “வேற சக்கரங் கோக்கட்டுங்களா?”

வேண்டாம் என்றேன்.

“அதுஞ் சரிதானுங்க. நீங்க தொண்ணூத்தாறுக்கு வாங்க. சக்கரம் அங்கியேதான் நிக்குது.”

ஜூன் 9

மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் இன்னும் கொட்டகையில். தையல் பிரித்தாயிற்று.

மஸ்டரில் இன்று எல்லாச் சாக்கும் சொட்டச் சொட்ட வந்தது. அழகுத்தாய் முப்பத்தொரு கிலோ கொண்டுவந்து மாட்டினாள். இருபத்தேழு எழுதினேன்.

“சாக்குக்கும் தண்ணிக்குமா நாலு கிலோ?”

“ஈரம் அழகுத்தாயி. பேக்டரில கேப்பாக.”

“கொழுந்துல மட்டும் நல்லாக் கழிக்கீக. ஒங்க ஒடம்புல கழிங்க பாப்போம்.”

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்து, “தங்கச்சி எப்புடி இருக்கு?” என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. மழையில் நின்று கிள்ளியது அவள். கழித்தது நான்.

ஜூன் 24

புஷ்பத்துக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டதாம். மண் சரிந்து ரோடு அடைத்து, ஒரு தடவை மிஷினுக்குப் போக முடியவில்லை. அதோடு தாகம் பொறுக்காமல் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டாளாம். ஜோஸ் போனில் அழுதான்.

வெளியே கூரை, ஓடை, ரோடு எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடுகிறது. அவள் ஒரு செம்பு குடித்தாள். அதற்கு இது.

நான் நூற்று ஆறு. ஒன்றர மாசத்துல ரெண்டே ரெண்டு கிலோதான் கொறஞ்சிருக்கு. என்ன செய்யச் சொல்ற என்னய? வெறும் கீரையும் கஞ்சியும் தின்னுக்கிட்டு சன்னல் வழியா மழையப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். அவ அங்க மூச்சுக்கு இழுக்கா. நான் இங்க குண்டா ஒக்காந்துருக்கேன்.

ஜூன் 25

கத்தரீனாள் கொட்டகையின் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 3

மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். நெம்பைத் தொடுவதில்லை இனி. உரசினால் உரசட்டும்.

ஜூலை 19

மழை. 103. உரசுகிறது.

ஆகஸ்ட் 10

100. பேக்டரித் தராசுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார். இரண்டு இலக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கும் ஆசை. கழற்றினேன். 99.8. இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டோம், கூட்டுறவுத் தேர்தலில் ஜெயித்த மாதிரி.

புஷ்பம் வீட்டுக்கு வந்துவிட்டாள். கழுத்தில் குழாயோடு.

செப்டம்பர் 14

பெரியகானல் ஏற்றம். மூன்றாவது வளைவில் எழுந்து நின்று மிதித்தேன். காற்று, சங்கிலிச் சத்தம், என் மூச்சு. என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. என்ன என்று புரியாமலே இன்னும் ஒரு வளைவு ஏறிவிட்டேன்.

சர் இல்லை.

இறங்கிப் பார்த்தேன், நெம்பு மூடித்தான் இருந்தது. கட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. திரும்ப ஏறி, வேண்டுமென்றே வண்டியை இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்து மிதித்தேன். இல்லை. நேரே பேக்டரிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, வாட்ச்மேனைக் கெஞ்சித் திறக்க வைத்தேன்.

தொண்ணூற்றாறு புள்ளி ஒன்று.

பிப்ரவரியில் சொன்ன பொய் இன்றைக்கு உண்மையாகிவிட்டது. பிச்சைமணிக்குப் போன் போட்டு எடையைச் சொன்னேன். “நாந்தான் சொன்னனில்லீங்க, அங்கியே நிக்குதுன்னு” என்றார்.

அக்டோபர் 5

93. ஜோஸ் ஏலக்காய் ஸ்டோரில் லீவு சொல்லி வைத்துவிட்டானாம், டிசம்பரில் ஆபரேஷனுக்கென்று. கத்தரீனாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு புதுப் போர்வை எடுத்து வைத்திருக்கிறாள். ஒன்று எனக்கு, ஒன்று புஷ்பத்துக்கு. இரண்டும் ஒரே நிறம்.

நவம்பர் 6

ஆஸ்பத்திரி. தராசில் 90.6. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நர்ஸ் என் செருப்பையும் பெல்ட்டையும் பார்த்தாள், ஜீன்ஸைப் பார்த்தாள். மலையாளத்தில் தனக்குள் என்னவோ சொல்லிக்கொண்டு, துணிக்கு ஒரு கிலோ கழித்து 89.6 என்று எழுதினாள்.

அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. பதினேழு வருஷத்தில் நான் கழித்த எந்தக் கிலோவும் யாருக்கும் நல்லது செய்ததில்லை.

மற்ற பரிசோதனைகள் தொடங்கின. ஸ்கேன். ரத்தம் பதினோரு குப்பி. இனிப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் கொடுத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம். ஒன்பது மாசத்துக்கு அப்புறம் சர்க்கரை போட்ட எதையோ குடிக்கிறேன். நாக்குக்கு நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 12

முடியாதாம்.

சர்க்கரை. வெறும் வயிற்றில் எடுத்தால் சரியாகவே இருக்கிறது, முதலில் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது. இனிப்புத் தண்ணீர் குடித்த பிறகு எடுத்ததில் ஏறி நின்றுகொண்டதாம். அம்மாவுக்குச் சர்க்கரை, அம்மா போனதும் அதனால். தங்கைக்கும் சிறுநீரகம் போயிருக்கிறது. இந்தக் குடும்பத்தில் உங்களிடமிருந்து ஒன்றை எடுத்துவிட்டு மீதி ஒன்றை நம்பி விட முடியாது, மன்னியுங்கள் என்றார் டாக்டர். இந்த முறை சிரிக்கவில்லை. எடை குறைத்தது வீண் இல்லை, அதனால்தான் உங்களுக்கு இந்த அளவோடு நிற்கிறது, விடாமல் ஓட்டுங்கள் என்றும் சொன்னார். காத்திருப்போர் பட்டியலில் புஷ்பத்தின் பெயர் இருக்கிறதாம், இருக்கட்டுமாம்.

கத்தரீனாள்தான் கேட்டாள். திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டாள். கொடுக்கக் கூடாதே என்று பயந்தவள், கொடுக்க ஏதாவது வழி உண்டா என்று.

எதுக்குடா எறக்குன இம்புட்டையும்? எந்த ஆசையில ஏறுன அந்த மலைய?

நவம்பர் 14

மஸ்டரில் இன்று யாருக்கும் கழிக்கவில்லை. மழைதான் பெய்தது, எல்லாச் சாக்கும் நனைந்துதான் வந்தது. தராசு காட்டியதை அப்படியே எழுதினேன். அழகுத்தாய் சீட்டை இரண்டு தடவை பார்த்தாள், என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டு, பேக்டரி எடையோடு ஒத்துவரவில்லையே மத்தியாஸ் என்றார். வராது சார் என்றேன்.

நாளையிலிருந்து கழிக்கத்தான் வேண்டும். தெரியும்.

நவம்பர் 16

புஷ்பத்துக்கு டாக்டர் சொல்லட்டும் என்று இருந்தேன். ஜோஸ், நீங்களே சொல்லிருங்க மச்சான் என்றுவிட்டான். போனேன். வழி நெடுக வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

“தெரியும்ணே. நீ பஸ்ஸவிட்டு எறங்கி நடந்து வந்ததுலயே தெரிஞ்சுபோச்சு” என்றாள்.

காரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “அப்ப எனக்குன்னு பாத்துப் பாத்துக் காப்பாத்துன கிட்னிய ஒனக்கே காப்பாத்திக்கிட்ட” என்றாள். கிண்டலா, வருத்தமா என்று அந்தக் குரலில் பிரிக்க முடியவில்லை. என் முழங்கையில் தையல் போட்ட தழும்பைத் தடவினாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நாற்பத்தொரு வயது ஆள், ஏலக்காய் லயத்து வாசலில், பக்கத்து வீடுகளெல்லாம் பார்க்க அழுதேன். அவள் அழவில்லை. அழுதால் தாகம் எடுக்கும் என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒன்று கேட்டாள்.

“ஒன் சைக்கிள்ல கேரியர் உண்டாண்ணே?”

“ரேஸ் வண்டிக்குக் கேரியர் கெடையாது.”

“ஒண்ணு மாட்டேன். கிறிஸ்மசுக்கு என்னையக் கோயிலுக்கு அதுல கூட்டிட்டுப் போ. பத்து மாசமா அந்த வண்டிக் கதைய மட்டுந்தான கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்.”

ஜீப்பில் போகலாமே என்றேன்.

“ஜீப்புல ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன், வாரம் மூணு நாளு.”

நவம்பர் 30

காத்திருப்போர் பட்டியலைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

என் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தேன். இருபத்துநாலு கம்பி. தொண்ணூற்றாறுக்கு மேல் ஒரு கிலோகூடத் தாங்காது, நன்றாகத் தெரியும்.

டிசம்பர் 7

பிச்சைமணிக்குப் போன் போட்டேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அடடா, அடடா என்று இரண்டு முறை சொன்னார். சந்தை இரைச்சல் கேட்டது. மாடுகளின் சத்தத்துக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, சொல்லுங்க என்றார்.

“பின் சக்கரம் புதுசா ஒண்ணு வேணும். கேரியரும் மாட்டணும். ரெண்டு பேருக்கு.”

“ரேஸ் வண்டிக்குக் கேரியருங்களா? வெளிய சொன்னீங்கன்னா எம்பட மானம் போயிருமுங்க.” பிறகு கேட்டார். “எந்த ரோடுங்க?”

“தங்கச்சி லயத்துலருந்து கோயில் வரைக்கும். ரெண்டு கிலோமீட்டர். ஏத்தம் இல்ல.”

“கேரியரோட கால அச்சுல ஊனி நான் பத்தவெச்சே தாரன். முப்பத்தாறு கம்பி போட்டுக்கலாம். எடையச் சொல்லுங்க. இந்த வாட்டி நெசத்தச் சொல்லோணும்.”

“நான் தொண்ணூத்தொண்ணு. சட்ட, செருப்போட. தங்கச்சி நாப்பத்திரெண்டு.”

கொஞ்சம் யோசித்தார். “முப்பத்தொம்பதுன்னு சொன்னாப்ல ஞாபகமுங்க.”

“அது தண்ணிக்குக் கழிச்சது போக. அவ ஏறி ஒக்காரும்போது தண்ணியுந்தான கூட வரும்? கழிக்காம எழுதிக்கோங்க.”

நூற்று முப்பத்துமூன்று. எழுதிக்கொண்டு, ஒரு தடவை வாசித்துக் காட்டினார். சரி என்றேன்.